எந்த பஸ்ஸுல வந்தீங்க?

இன்று காலை துறை அறையின் பீரோவைத் திறந்ததும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைக் கோட்டுகளின் வாடை முகத்தில் அடித்தது. உன் நினைப்பு வந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வாடையை நீ எவ்வளவு திட்டியிருப்பாய்! "இதப் போட்டுட்டுக் கண்ணாடியப் பாத்தா, எனக்கே எந்திரிச்சு நிக்கோணும்னு தோணுது புள்ளே" என்பாய்.

ஒரு கோட்டு திரும்பி வந்திருந்தது. அதை வைக்கத்தான் பீரோவைத் திறந்தேன். சமூகப்பணி மாணவிகளை ஆஸ்பத்திரிக்குக் களப்பணிக்கு அனுப்புவது இப்போது என் பொறுப்பு. அவர்களில் ஒருத்தி வார்டில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறாள். பேசியதோடு விடாமல், ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரத்தை மாற்றச் சொல்லி அங்கிருக்கும் அலுவலரிடமே கேட்டிருக்கிறாள். அவர் கோட்டை வாங்கிக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு, அவளையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் மாணவிகள் யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று எனக்குப் போன். வருஷத்தின் நடுவில் வேறு எந்த ஆஸ்பத்திரியும் இடம் கொடுக்காது. களப்பணி முடிக்காமல் பட்டமும் கிடையாது. ஒருத்திக்காக மற்ற எல்லாருடைய வருஷமும் போகும். எல்லாருக்காகவும் அந்த ஒருத்தியைத் தலைகுனிய வைக்கவும் மனசு வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நாம் படித்தபோது மாட்டிக்கொண்டதும் அதே கட்டடத்தில்தான். காச நோய்ப் பிரிவு. மாத்திரை வாங்க ஒழுங்காக வராதவர்களுக்குப் புத்தி சொல்வது நம் வேலை. காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து ஓர் அக்கா வருவார், ஞாபகம் இருக்கிறதா? ஏன் போன தடவை வரவில்லை என்று நான் அதட்டலாகக் கேட்டேன். "மறந்துபோட்டனுங்க டாக்டரம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. நாங்கள் டாக்டர் இல்லை என்று நீ சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இனிமேல் மறக்கக் கூடாது என்றேன். "சரிங்க." மறதி, அக்கறையின்மை என்று நாம் இரண்டு பேருமே எழுதி வைத்தோம்.

படி இறங்கும்போது நீதான் சட்டென்று நின்றாய். "எங்கப்பன் முன்னால எங்க தோட்டத்தாளு நிக்கறாப்பலயே நின்னாங்க புள்ளே. தண்ணி பாயலைன்னு கேட்டா, மோட்டாரு கெட்டுப்போச்சுன்னு சொல்ல மாட்டாங்க. என்ர தப்புதானுங்கன்னு சொல்லிப்போட்டுப் போயிருவாங்க." பெரிய இடத்தில் குறை சொன்னால் மரியாதை இல்லை என்று பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கம் நமக்குத் தெரியாததா? கோட்டுக்குள் இருந்துகொண்டு பார்த்ததில் தெரியவில்லை.

கோட்டைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாய். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்ற அந்த அக்காவின் பக்கத்தில், கல்லின் மேல் உட்கார்ந்தாய். ஏன் வரவில்லை என்று நீ கேட்கவே இல்லை. "ஏனுங்கக்கா, எந்த பஸ்ஸுல வந்தீங்க?" என்றுதான் கேட்டாய்.

"எங்கூருக்கு மொத பஸ்ஸே எட்டு மணிக்கு மேலதானுங்க அம்மணி. காரமடையில எறங்கி, கோயமுத்தூரு பஸ் ஏறி, காந்திபுரத்துல டவுன் பஸ் மாறி வாரதுக்குள்ள சீட்டு குடுக்கற சன்னலச் சாத்திப்போடறாங்க."

"இன்னைக்கு எப்படி வந்தீங்க?"

"நேத்தே வந்து பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக்கிட்டனுங்க."

அதை நீ சும்மா விடவில்லை. வருஷக் கடைசி வாய்மொழித் தேர்வில் கல்லூரிக்காரர்களையும் வைத்துக்கொண்டு அப்போதிருந்த அலுவலர் உன்னைக் கேள்வி கேட்டார். நோயாளி ஏன் ஒத்துழைக்கவில்லை என்றார். "ஆஸ்பத்திரிதான் ஒத்துழைக்கலைங்க சார்" என்றாய். விதி எல்லாருக்கும் ஒன்றுதானம்மா என்று சிரித்தார். "பஸ் எல்லாருக்கும் ஒண்ணு இல்லீங்களே சார்."

களப்பணியில் உன்னைப் பெயிலாக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த அக்கா வருவது நின்றது. நீ ஊருக்கே தேடிப் போனாய். திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாய், சோற்றைத் தொடவில்லை. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று புரிந்தது; எப்படி என்று நான் கேட்கவும் இல்லை. அதன்பின் நீ அந்த மலையடிவாரத்துக்கே வேலைக்குப் போய்விட்டாய், மஞ்சள் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோகும் வரைக்கும். நான் இங்கேயே இருந்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. இப்படி என்னைத் தனியாக மாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டாம்.

மத்தியானம் அந்த மாணவியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கிறாயா என்றேன். "என்ர மேலதானுங்க மிஸ் தப்பு. நீங்க சொன்னாக் கேட்டுப்போடறனுங்க" என்றாள். கண் தரையில் இருந்தது. எனக்குத் திக்கென்றது. கோட்டு போடாமலே நான் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இவ மேல தப்பில்லீங்க சார். மன்னிப்புக் கேக்க மாட்டா." குரல் நடுங்கியது, நீ இருந்திருந்தால் கேலி செய்திருப்பாய். அலுவலர் கோபப்படக்கூட இல்லை. நாளையிலிருந்து யாரையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

பெரிதாக ஏதோ சாதித்துவிட்ட மாதிரியெல்லாம் இல்லை. நாளைக்குப் பிரின்சிபால் முன்னால் நிற்க வேண்டும். மற்ற பெண்களிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். நீ உட்கார்ந்த அந்தக் கல்லில் அவளை உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன். கருமத்தம்பட்டிப் பெண், அம்மா தறிக்குப் போகிறவர் என்பது மட்டும் தெரியும். முதல் வகுப்புக்கு அடிக்கடி தாமதமாக வருவாள். நான் கேட்கும்போதெல்லாம் "தூங்கிப்போட்டனுங்க மிஸ்" என்பாள். நானும் நம்பினேன்.

"காலையில எந்த பஸ்ஸுல வர்றே கண்ணு?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, அம்மா ராத்திரித் தறி முடித்து வீடு வருவதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் பஸ் வந்து நின்றது. அவள் முதலில் சொல்லி முடிக்கட்டும் என்று போகவிட்டேன்.