பரளச்சிக் கடையின் பதில்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

சித்தப்பாவோட நாலு விதைக்கடைக் கம்ப்யூட்டரையும் இணைச்சது நான்தான். அருப்புக்கோட்டைக் கடையில ஒண்ண மாத்துனா மத்த மூணுலயும் தானா மாறணும். தகவல் சேந்துச்சான்னு பதில் கேக்குற முறையும் இருந்துச்சு. அந்த மூணுல பரளச்சிக் கடையில சிக்னல் மோசம், பதிலுக்குக் காத்துக் கிடந்தா எல்லாக் கடையும் நிக்கும்னு, அனுப்பிட்டு மறந்துடுற முறையை வச்சேன். என்னா வேகம்னு சித்தப்பா தட்டிக்கொடுத்தாக.

போன மாசம் ஒரு பருத்தி விதை முளைக்கலைன்னு தெரிஞ்சு, விக்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல நிறுத்துனேன். அது பரளச்சிக்குப் போகவே இல்ல. அங்க கடையப் பாக்குற முத்துலட்சுமி அக்கா வித்துட்டாக. மழை பேஞ்சும் வாங்குனவுக காடு மொட்டையாக் கெடக்கு.

இன்னைக்குச் சித்தப்பா அருப்புக்கோட்டைக்குக் கூப்பிட்டு விசாரிச்சப்ப அக்கா என்னையத்தான் பாத்தாக. "எனக்கு ஒண்ணும் வரலையே தம்பி. நீங்களே சொல்லுங்க."

"வந்துருக்கும்க்கா. நீங்க பாக்காம விட்டுருப்பீக"ன்னேன்.

சித்தப்பா கடைச் சாவியக் கேட்டதும் அக்கா அத மேசையில வச்சுட்டுப் போயிட்டாக.

அவுக பஸ் ஏறுன கையோட, பதில் கேக்குற முறைக்கு மாத்திட்டேன். மெதுவாத்தான், ஆனா வேலை நடக்குது. பரளச்சிக் கடை பூட்டிக் கெடக்கு. அக்கா அணைக்காம வந்த கம்ப்யூட்டரு மட்டும் வந்துருச்சு, வந்துருச்சுன்னு பதில் சொல்லிக்கிட்டே இருக்கு.