மூன்று புகார் போதும்

ஜூன் 3
இன்றுமுதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பாதகமாக இருந்தாலும் எழுதுவேன்.

பள்ளி நூலகத்தின் இணைய வாசகர் மன்றத்தை நூலகர் மேடம் என் பொறுப்பில் விட்டிருக்கிறார். நாற்பத்தொரு உறுப்பினர்கள், எல்லாரும் புனைபெயரில். யார் எவர் என்பது என்னிடமுள்ள நோட்டில் மட்டும் இருக்கிறது. ஒரு விதி எழுதினேன்: ஒருவர்மேல் மூன்று பேர் புகார் கொடுத்தால் அவருடைய நிஜப் பெயர் முகப்பில் போடப்படும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வராது.

"மூணு போதுமாம்மா?" என்றார் மேடம்.

"தாராளமா போதும், மேடம்."

ஜூன் 9
'நத்தை' எழுதியிருக்கிறாள்: பள்ளி மலரில் பரிசு வாங்கிய கதை, நூலகத்தில் இருக்கும் ஒரு பழைய தொகுப்பில் உள்ளது, ஆட்களின் பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன. பக்க எண்ணும் கொடுத்திருக்கிறாள். பரிசு வாங்கியவள் மாணவர் தலைவி.

போய் எடுத்துப் பார்த்தேன். வரிக்கு வரி அதேதான்.

வேறு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. "தைரியம் இருந்தா மூஞ்சியக் காட்டு" என்று முப்பது பதில்.

ஜூன் 10
மதிய இடைவேளையில், ஆறு நிமிடத்துக்குள், நத்தைமேல் மூன்று புகார்.

நத்தை எட்டாம் வகுப்பு. திக்கித் திக்கிப் பேசுவாள். வகுப்பில் பாதிப் பேர் அவளைப்போல் பேசிக் காட்டுவார்கள். மன்றத்தில் மட்டும்தான் அவள் வாக்கியத்தை யாரும் பாதியில் பிடுங்குவதில்லை.

தண்ணீர்க் குழாயருகே தலைவியும் தோழிகளும். "வழி விடுங்கடி, நீதிபதியம்மா வர்றாங்க." பிறகு என் பையைப் பிடித்துக்கொண்டு, "ரூல் போட்டது நீதானே? பேரைப் போடு."

"யோசிக்கணும்."

"யோசிக்கணும்னு ரூல்ல இருக்கா?"

இல்லை.

ஜூன் 11
நோட்டைப் புரட்டினேன். புகார் கொடுத்த மூவரில் ஒருத்தி தலைவியேதான். மற்ற இருவரும் பத்தாம் வகுப்பு பி பிரிவு என்றிருந்தது. போய்க் கேட்டேன், அங்கே அப்படி யாருமில்லை. மன்றத்தில் சேர்க்கச் சொல்லி அந்த இரண்டு பெயர்களையும் கொடுத்துவிட்டுப் போனவளும் அவளே. சரிபார்க்காமல் எழுதிக்கொண்ட முட்டாள் நான்.

மேடத்திடம் ஓடினேன். "மூணு புகாரும் அவ ஒருத்திதான். எழுதிப் போட்டுடறேன்."

"ஒருத்தி பேரை மறைக்க இன்னொருத்தி பேரை வெளிய விடுவியா? புகார் கொடுத்தவங்க பேர் வராதுன்னும் நீதானே எழுதின?"

இவங்களுக்கென்ன, உக்காந்த இடத்துல இருந்து சொல்லிடுவாங்க. குழாய்கிட்ட போய் நிக்கிறது நான்தானே?

ஜூன் 12
விதியை எடுத்துவிட்டேன். யார் பெயரையும் போடவில்லை. தொகுப்பின் பக்கத்தையும் பள்ளி மலரின் பக்கத்தையும் படமெடுத்து அருகருகே முகப்பில் வைத்தேன். 'நீங்களே படித்துப் பாருங்கள்' என்று ஒரு வரி.

ஜூன் 13
"நத்தை நீதான்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடி" என்றாள் தலைவி, வகுப்பு வாசலில் நின்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பின்னே யார் என்றுதான் அடுத்து கேட்பார்கள் —

பேசாமல் போய் உட்கார்ந்தேன்.

ஜூன் 15
தலைவியிடமிருந்து பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் நாற்காலியில் மை. பாவாடை பாழ்.

ஜூன் 19
பள்ளி விட்டதும் நூலகத்தில் மன்றத்தைத் திறந்தேன். நத்தை ஒரு கடற்பயணப் புத்தகத்தைப் பற்றி ஐந்து பத்தி எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு கேலிகூட இருக்கிறது. இதுவரை அவள் கேலியாக எழுதியதே இல்லை.

அதன் கீழே பதினான்கு வசவுகள். எல்லாம் என் சோடாபுட்டிக் கண்ணாடியையும் என் பல்லையும் பற்றியவை. ஒவ்வொன்றாக அழித்தேன். பதினொன்றாவதில் இருக்கும்போது மேடம் விளக்கை அணைத்துவிட்டார்.