ஒரே சட்டியில் நாலு ஸ்பூன்

மாப்ளே,

புளித்த முட்டைக்கோசின் நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. போன ஞாயிறு ராத்திரி என் மகள் என்னை ஆர்.எஸ்.புரத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு கொரியன் கடைக்குக் கூட்டிப் போனாள். வாசலிலேயே பூண்டும் மிளகாயும் புளிப்பும் கலந்த அந்த வாடை. "அப்பா, உங்களுக்கு ஒத்துக்குமோ என்னமோ" என்று அவளே தயங்கினாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே நான் இதையெல்லாம் சாப்பிட்டவன் என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் மில்லுக்குக் கொரியாவிலிருந்து மெஷின்கள் வந்தன. அவற்றை மாட்ட ஃபிட்டர்களும் வந்தார்கள். நம் சாப்பாடு அவர்களுக்கு இறங்கவில்லை. தலைமை ஃபிட்டரின் மனைவி மதுக்கரை ரோட்டு வாடகை வீட்டில் அவர்களுக்குச் சமைக்க ஆரம்பித்து, கொஞ்ச நாளில் அது போர்டு இல்லாத ஹோட்டலாகவே ஆகிவிட்டது. முன்பக்கம் தகரக் கூரை, பிளாஸ்டிக் மேசைகள். செகண்ட் ஷிப்ட் விட்ட பிறகுதான் அங்கே அடுப்பே பற்றும். நீ எலக்ட்ரீசியன், நான் ஃபிட்டர்களுக்கு உதவியாள். முதல் மெஷின் ஓடிய ராத்திரி தலைமை ஃபிட்டர் நம் தோள்களில் கை போட்டு, வாயருகே விரல்களைக் குவித்துக் காட்டி, சாப்பிட வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனார்.

எனக்குக் கால் வரவில்லை. ஏன் என்று உனக்கு அப்போது தெரியாது. மஞ்சள் காமாலை என்று சொல்லி நான் போட்டிருந்த நீண்ட லீவு காமாலைக்கு இல்லை, டி.பி.க்கு. மாத்திரையெல்லாம் முடிந்திருந்தது. இனி யாருக்கும் ஒட்டாது, தட்டு டம்ளரால் எப்போதுமே ஒட்டாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. டாக்டர் சொன்னால் ஆயிற்றா? வீட்டில் என் தட்டுக்கும் டம்ளருக்கும் அடியில் என் மனைவி நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பாள். குழந்தை இருந்த வீடு, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மில்லில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு. இருமல் வந்தால் கக்கூஸுக்குள் ஓடி இருமிவிட்டு வருவேன்.

நீயோ எச்சில் என்றால் காத தூரம் ஓடுகிறவன். டீக்கடைக்கே சொந்த டம்ளரோடு வருகிற ஆள். என் பாட்டிலில் தண்ணீர் குடித்தாலும் அண்ணாந்து, சட்டையில் ஒரு சொட்டு சிந்தாமல் குடிப்பாய். கேன்டீனில் உன்னைக் கிண்டல் செய்யாதவர் கிடையாது.

சமைத்த அந்த அம்மா கொதிக்கிற கருப்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். சிவப்புக் குழம்பில் மீனும், பன்னீர் மாதிரி ஏதோ வெள்ளைத் துண்டுகளும். ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு, நீளக் காம்பு வைத்த ஸ்பூன். தட்டு வரும், அதில் ஊற்றுவார்கள் என்று நாம் காத்திருந்தோம். வரவில்லை. தலைமை ஃபிட்டர் தன் ஸ்பூனைச் சட்டிக்குள் விட்டு, வாயில் வைத்து, மறுபடி அதையே சட்டிக்குள் விட்டார். அவர் மனைவியும் உட்கார்ந்து அப்படியே.

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு என் பக்கம் சாய்ந்தாய். "மாப்ள, இதென்னடா, வாயில வெச்சத மறுக்காச் சட்டியில உடறாங்க?"

"அவிங்க ஊர்ல அப்புடித்தானாமா" என்றேன்.

நான் வெறும் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். வயிறு சரியில்லை என்று ஜாடை காட்டினேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. எழுந்து வந்து என் கையில் ஸ்பூனைத் திணித்து, சட்டியைக் காட்டினார். ஒட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பயம் கேட்கவில்லை. எழுந்து வெளியே குழாயடிக்குப் போய்விட்டேன். நீ பின்னாலேயே வந்தாய்.

"ஏன் மாப்ள, ஒரு வாய்கூடத் திங்கமாட்டீங்கற? அருவருப்பு எனக்குத்தான், உனக்கென்ன?"

சொல்லிவிட்டேன். டி.பி., மாத்திரை, சிவப்புப் பொட்டு, எல்லாம். சொல்லும்போதே உன்னை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டேன், பழகிப் போயிருந்தது.

நீ குழாயைத் திறந்து கை கழுவினாய். போச்சு, நாளைக்கு மில் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"டாக்டரு ஒட்டாதுன்னு சொல்லிப்போட்டாருல்ல?"

"சொல்லிப்போட்டாரு."

"பொறகென்ன, வா. அந்த அம்மணி மூஞ்சி தொங்கிப்போய் ஒக்காந்திருக்குது."

உள்ளே வந்ததும் "நீ மொதல்ல எடு" என்றாய். எடுத்தேன், வாயில் வைத்தேன், மறுபடியும் சட்டியில் விட்டேன். நான் ஸ்பூனை எடுத்த அதே இடத்தில் நீ உன் ஸ்பூனை விட்டாய். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாய். "என்னா காரம்டா சாமி!" என்று நீ கத்தியதும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன் என்று நினைத்துவிடாதே. மறுநாளிலிருந்து உன் இருமலுக்குக் காது கொடுக்க ஆரம்பித்தேன். பஞ்சுத் தூசியில் யார்தான் இரும மாட்டார்கள்? நீ இருமினால் மட்டும் நான் கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாய். "டேய், நான் பீடி குடிச்சு இருமறேன். இதுக்கும் நீயே பங்குக்கு வராத."

பல வருஷம் கழித்து, உன் மகன் போனில் அழுதுகொண்டே செய்தி சொன்னபோது நான் முதலில் கேட்டது "எதனால கண்ணு?" என்றுதான். "ஹார்ட் அட்டாக்குங்க மாமா" என்றான். அழுவதற்கு முன்னால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நீ போன அன்றைக்கு நிம்மதி! எனக்கே கூச்சமாக இருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆர்.எஸ்.புரம் கடையில் சட்டியோடு சின்னக் கிண்ணங்களும் வந்தன. மகள் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டாள். "ஒரே சட்டில சாப்புட்டாத்தான் நல்லாருக்கும். நீங்க மொதல்ல எடுங்கப்பா." பொட்டு வைத்த தட்டை எந்தக் குழந்தைக்காக என் மனைவி தனியே கவிழ்த்தாளோ, அதே குழந்தை. எடுத்தேன். பிறகு அவள் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்று குழாயடியில் இருந்த பயத்தில் கொஞ்சம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தப் பந்தியிலும், எனக்குப் பின்னால் யார் கை நீட்டுகிறார்கள் என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

"ஏம்ப்பா என்ற கையவே பாத்துட்டிருக்கறீங்க?" என்றாள்.

சொன்னேன், மாப்ளே. உன்னிடம் சொன்னதை அவளிடமும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் ஸ்பூனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சட்டிக்கும் வாய்க்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.