சூளகிரிக் கடல்கன்னி

ஓசூர்,
ஞாயிறு மத்தியானம்.

என் தங்கம் ஸ்வாதிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் சாமி புண்ணியத்துல சுகம், டப்ளின் குளிர்ல நீயும் காதை மூடிக்கிட்டு சுகமா இருக்கணும். போன்ல சொன்னா அழுதுடுவேன்னுதான் பேப்பரை எடுத்தேன். சந்தோஷ விஷயம்தான், பயந்துடாத.

உன் நாவலைக் கம்பெனி பஸ்ல போகவர நாலே நாள்ல முடிச்சேன்டி. இருண்ட பங்களா, பூட்டின ரூம், கதவுக்கடியில கசியற உப்புத்தண்ணி, ஈரத் தலையோட வந்து என் சோறு எங்கேன்னு கேக்கற கடல்கன்னி, அம்மாடி! ஸ்டாப் வந்தும் இறங்காம உக்காந்திருந்தேன். ஆனா அமாவாசைக்கு நான் கவுத்து வெக்கிற தட்டையும் கதையில வெச்சிருக்கியே, அந்தப் பக்கத்தை மூணு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சேன். கடல் கொண்டுபோய் உடம்பு கிடைக்காதவங்களுக்கு எங்க கடலோர ஊர்ல வெக்கிறது, அது சம்பங்கி பெரியம்மாவுக்குன்னு உனக்குத் தெரியும். தெரியாத ஒண்ணு இருக்கு. என் அக்காவைக் கடல் கொண்டு போகல. உப்பு லாரி ஓட்டின நாராயணப்பன்கூடக் கிளம்பிப் போனா. யாரும் துரத்தக் கூடாதேன்னு, பதினோரு வயசுக் கழுதை நான், அவ செருப்பைக் கொண்டுபோய் அலை ஓரத்துல போட்டேன். ஊரே கடல்தான்னு முடிவு பண்ணிடுச்சு. எங்கப்பா கோவத்துக்குப் பயந்து வாயத் திறக்கல, அதுக்குள்ள காரியமே பண்ணிட்டாங்க, உசுரோட இருக்கறவளுக்கு! எங்கம்மா போனப்புறம் தட்டு கவுக்கிற வேலையும் எனக்கே வந்துச்சு. நாப்பத்தோரு வருஷம், உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல.

இப்பக் கேளு. செவ்வாய்க்கிழமை சூளகிரியிலேருந்து ரஞ்சிதான்னு ஒரு பொண்ணு போன் பண்ணா, பதிப்பகத்துல கெஞ்சி நம்ம வீட்டு நம்பர் வாங்கினாளாம். மாமியாருக்கு உன் நாவலை வாசிச்சுக் காட்டினப்போ, தட்டு வந்ததும் அந்தம்மா இது எங்க ஊருன்னு எந்திரிச்சு நின்னுட்டாங்களாம். அந்த மாமியார்தான் என் அக்கா. சூளகிரிடி! கிருஷ்ணகிரி போறப்பல்லாம் அவ ஊரைத் தாண்டித்தானே போயிருக்கேன், பாவி நான்.

இன்னிக்குக் காலையில அக்காவே வந்துட்டா. தலை நரைச்சுப் போச்சு, நடை அதே நடை. என்னைத் தேடி ஒரு நாயும் வரலையேன்னு ரோஷத்துல இருந்துட்டேன்னு சொன்னா. உன் கதையில கடல்கன்னி தங்கச்சியைத் தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போறாளே, அது ஞாபகம் வந்து ரெண்டடி பின்னால போயிட்டேன். இருந்தும் செருப்பு விஷயத்தைச் சொல்லிட்டேன். முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சா, வெச்ச கையாலயே கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் ஓன்னு அழுதோம், உங்கப்பா ஒண்ணும் புரியாம கரண்டியோட நிக்கறார். அவளே அலமாரியில இருந்து அந்தத் தட்டை எடுத்துட்டு வந்து, பசிக்குது, சோறு போடுடின்னா. மூணு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

இதுக்காக அடுத்த பதிப்புல நாவல் முடிவை மாத்தித் தொலைக்காத, பெரியம்மாவுக்கு அதுதான் பிடிச்சிருக்காம். நேரத்துக்குச் சாப்பிடு. பங்குனியில லீவு சொல்லி வந்துடு, உன்னைப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. இன்னும் நூறு கதை எழுதி நீ நல்லா இருக்கணும்டி.

உன் அம்மா,
ராசாத்தி

எழுத மறந்துட்டேன், அவ செருப்பு இப்ப நம்ம வாசல்ல கிடக்கு. அவ உள்ள குறட்டை விட்டுத் தூங்கறா.