ஜெயபுரா அவ்வளவு தூரமில்லை

யாயான்,

எழுப்பிப் பார்த்தேன். நீ தூங்குவதுபோல் நடித்தது நன்றாகவே தெரிந்தது.

கோழி சோத்தோ சூப் பானையில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. மதியத்துக்குள் தண்ணீர் கேன்காரர் வருவார். காலி கேனை வாசலில் வை.

நேற்று வரைபடத்தில் ஜகார்த்தாவிலிருந்து ஜெயபுராவுக்கு நூல் வைத்து அளந்தாய். பிறகு அதே நூலை மேலே திருப்பி, "பாருடி, ஹாங்காங்கையே தாண்டிப் போகுது. இதுக்குப் பேரு உள்நாட்டு விமானமாம்! ஒரு வருஷம் நீ அங்க பாடம் நடத்து. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாய்.

தூரத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும் என்றாயே, அது தப்பு. பத்துக்குக் கிளம்பி ஐந்தேகாலுக்கு இறங்கும் என்றுதான் டிக்கெட்டில் இருக்கிறது. அங்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் ஐந்தேகால் மணி நேரம்தான். போன நோன்புப் பெருநாளுக்கு தாசிக்மாலாயாவிலுள்ள உன் அம்மா வீட்டுக்குப் பெருநாள் நெரிசலில் காரில் போய்ச் சேர நமக்குப் பதினாறு மணி நேரம் ஆனது.

இதை நேற்றிரவே உன் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "அஞ்சு மணி நேரந்தானா, கண்ணு? அப்போ இந்தப் பெருநாளைக்கு நான் அங்க வந்துடறேன். அவன் டிராஃபிக்லயே நிக்கட்டும்" என்றார்.

ஏலிஸ்

மாற்றுச் சாவி எதிர்வீட்டு லிலிஸ் அக்காவிடம் இருக்கிறது.

இன்னொன்று: அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை வேண்டுமாம். பக்கத்து இருக்கைக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை.