ஹரிசாதன் பாபுவின் நடை

“பனியில நடந்தா சளி பிடிக்கும், சும்மா இரு!” என்று நீங்கள் என்னிடம் கத்தியது மாடிவரை கேட்டது. அப்புறம் மீன் வாங்க நாலு வீடு தள்ளியிருக்கும் சந்தைக்கு ரிக்‌ஷாவில் போனதையும் தெருவே பார்த்தது.

மாடி வீட்டு ஹரிசாதன் பாபு குரங்குக் குல்லாகூட இல்லாமல் ஏழு மாதமாக ஏரியைச் சுற்றுகிறார். அவருக்குச் சர்க்கரை ஊசியை டாக்டர் நிறுத்திவிட்டார். உங்களுக்கு அடுத்த மாதம் தொடங்கப் போகிறார்.

எப்படி என்று அவரிடமே கேட்டேன். “முதல் நாள் தெருமுனையோட திரும்பிட்டேன் அண்ணி. மறுநாள் இன்னும் ஒரு விளக்குக் கம்பம் தாண்டி. அவ்வளவுதான்!” என்றார். மனுஷன் சூரர்!

பொரி டப்பாவில் இருக்கிறது. எண்ணெயில் பொரித்த கச்சோரி வாங்க வேண்டாம், கடைக்காரர் என்னிடம் சொல்லிவிடுவார். நான் தெருமுனை வரை போகிறேன்.

— மாளவிகா

பி.கு.: ஹரிசாதன் பாபு கூடவே நடந்த தபதி டீச்சரைக் கட்டிக்கொண்டு ஞாயிறன்று சந்தன்நகருக்குக் குடிபோகிறார். எனக்கு நடைத்துணைக்கு நீங்கள்தான் வேண்டும்.