மூலையில் அவள் தெரிகிறாள்

பெட்டியைத் திறந்ததும் உன் கையெழுத்து என் மடியில் விழுந்தது.

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிய டிவிடி. புதுப் பிளாஸ்டிக் வாசம் இன்னும் போகவில்லை. டிஸ்க்கைக் கழற்றப் போனால், அதன் மேல் நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். நகல் எடுத்ததுதான், மை மங்கியிருந்தது. ஆனாலும் எழுத்து உன்னுடையது. "படம் நல்லா இருக்கு. சத்தம் பரவாயில்லை. வெட்டு இல்லை. மூலையில் அவள் தெரிகிறாள். பத்துக்கு ஒன்பது." எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன, வலது பக்கம் போகப் போகக் கீழே சரிந்து கிடந்தன. நீ செத்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அந்தக் கடைக்காரன் இன்னும் உன்னை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறான்.

மறுநாளே கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் போய் அவன் கடையில் நின்றேன். காகிதத்தை மேசையில் வைத்தேன்.

"இது அவ விசிடிக்கு எழுதின சீட்டு. டிவிடிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"அதே படம்தானே அக்கா. அவங்க சீட்டு இருந்தா ஜனங்க யோசிக்காம எடுக்குறாங்க லா. அவங்க அண்ணன் ஒங்களுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாலயே ஒரு காப்பி எடுத்துக்கிட்டேன், அதான் நெறைய போட்டு வெச்சிருக்கேன்."

"அவ செத்துட்டா. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. அதுக்காக அவங்க சொன்னது பொய்யாயிடுமா?"

காகிதத்தைத் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். அந்தச் சீட்டில் இருப்பது பொய்தான். அது பொய் என்று தெரிந்தவர்கள் நானும் உன் அண்ணனும் மட்டும்தான். இன்னொரு நாள் வந்து எல்லாக் காப்பியையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் கோபம். முதலில் அவன் மேல், பிறகு என் மேல், கிள்ளான் வருவதற்குள் முழுக்க முழுக்க உன் மேல்.

நம் சனிக்கிழமைகள் உனக்கு ஞாபகம் இருக்கும். எண்பதுகளில் ஒரே அரசாங்க அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து டைப் அடித்தோம். சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு மற்ற பெண்கள் காய்கறி வாங்கப் பாசாருக்கோ, கோயிலுக்கோ போவார்கள். நாம் இருவரும் உன் அண்ணனுக்குக் கொடுத்திருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நடப்போம். வழியில் இரண்டு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ், உனக்கு மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிய ரோஜா சிரப். வீட்டுக்குப் போனதும் ஜன்னலில் கம்பளியை மாட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டு, வீடியோவில் பேய்ப் படம் போடுவோம். வெளியே பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். உள்ளே அனலில் நமக்கு வேர்த்து ஊற்றும். ரயிலில் கார்டு வேலை முடித்து வரும் உன் அண்ணன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வெயில்ல வெந்துகிட்டே பேயப் பாக்குற பொம்பளைங்கள நான் இங்கதான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போவார்.

இந்தோனேசியச் சுடுகாட்டுப் படங்கள், ஹாங்காங்கின் குதிக்கும் பிணங்கள், பெயரே வாயில் நுழையாத இத்தாலியப் படங்கள் என்று எதையும் நாம் விட்டதில்லை. நான் பயப்படுவதற்காகப் பார்த்தேன். நீ கணக்குத் தணிக்கை செய்ய வந்த அதிகாரி போலப் பார்த்தாய். சமையலறைக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொள்வாய். அட்டையில் போட்டிருக்கும் நேரத்தையும் படம் ஓடிய நேரத்தையும் ஒப்பிட்டு, சென்சாரில் எத்தனை நிமிடம் வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாய். கத்தி தொண்டைக்குப் பக்கத்தில் வரும், அடுத்த நொடி ஆள் சவப்பெட்டிக்குள் படுத்திருப்பான். உனக்கு ரத்தம் கொதித்துவிடும். "நடுவுல என்ன ஆச்சுன்னு நாம ஜோசியமா பாக்குறது?" என்பாய்.

படம் முடிந்ததும் சீட்டு எழுதுவாய். படம், சத்தம், வெட்டு, கடைசியில் பத்துக்கு எத்தனை. அதை மடித்து உறைக்குள் வைத்துத்தான், டேப்பை வாடகைக்கு எடுத்த அந்த பிரிக்பீல்ட்ஸ் கடையில் திருப்பிக் கொடுப்பாய். முதலில் கடைக்காரன் சிரித்தான். பிறகு வாடிக்கையாளர்கள் உறையைத் திறந்து உன் சீட்டைப் படித்துவிட்டு டேப்பை எடுக்க ஆரம்பித்தார்கள். சுங்கை பூலோவிலிருந்து ஒருவர், "அந்த அக்கா எட்டுக்கு மேல குடுத்தது எது இருக்கு?" என்று கேட்டு வருவாராம். உனக்கு அதில் எவ்வளவு பெருமை. அலுவலகத்தில் நம் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஆட்கள் இருந்தார்கள். கடையில் உன் ஒரு மார்க்குக்கு மரியாதை இருந்தது.

அந்த ஸ்பானிஷ் படத்துக்கு வருகிறேன். மலை மேல் ஒரு தங்கும் விடுதி. விடுதிக்காரி புதிதாக வந்தவர்களுக்கு அறைகளைக் காட்டிக்கொண்டே போவாள். அதை டேப்பில் நாலு தடவை பார்த்திருந்தோம், அறைகளைக் காட்டும் அந்த இடம் வந்தாலே எனக்குத் தூக்கம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடைக்கு லேசர் டிஸ்க் வந்தது, தோசைக்கல் அகலத்தில். உன் அண்ணன் பழைய மெஷின் ஒன்றை யாரிடமிருந்தோ தூக்கி வந்தார். ஐந்தாவது தடவையாக அந்தப் படத்தைப் போட்டோம். விடுதிக்காரி பேசிக்கொண்டே போகிறாள். நீ சிரப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் டிவி கண்ணாடியில் விரலை வைத்தாய்.

"அங்க பாரு. மாடிப்படிக்குக் கீழ. மூலையில."

இருட்டுக்குள் இருட்டாக ஒருத்தி நின்றாள். அசையவில்லை. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, பின்னணி வாத்தியம்கூட ஒலிக்கவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். நாலு தடவையும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள், டேப்பில் அந்த மூலை வெறும் கறுப்பாக இருந்ததால் நமக்குத் தெரியவில்லை. நான் பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டேன். நீ சிரித்தாய். "பேய்ப் படத்துக்கு இருட்டு நல்லா இருக்கணும் லா. இருட்டு நல்லா இல்லன்னா பேய் எங்க போய் நிக்கும்?" என்றாய். அன்றிலிருந்து அந்தப் படம் எந்த வடிவத்தில் வந்தாலும் உன் சீட்டில் மூலையைப் பற்றி ஒரு வரி இருக்கும்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. கிள்ளானுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். சனிக்கிழமைகள் நின்றன. ஆனால் உன் அண்ணன் கிள்ளான் ரயிலில்தான் கார்டு. நீ பார்த்து முடித்த டிஸ்க்கைச் சீட்டோடு அவரிடம் கொடுத்து விடுவாய். நான் ரயில் மேடையில் நின்று வாங்கிக்கொண்டு, பார்த்துவிட்டு, உன் மார்க்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் என் மார்க்கைப் போட்டு அனுப்புவேன். அரை மார்க்குக்கெல்லாம் வாரக்கணக்கில் சண்டை போட்டோம். நீ முதுகுவலி என்று வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கினாய். நம்பினேன். பார்க்க வருகிறேன் என்றால் ஏதாவது காரணம் சொன்னாய். அதையும் நம்பினேன்.

விசிடி வந்த காலம் அது. ஒரு படம் இரண்டு டிஸ்க்கில், இருட்டுக் காட்சி வந்தால் திரை கட்டம் கட்டமாகச் சிதறும். நம் ஸ்பானிஷ் படமும் வந்தது. மேடையில் உன் அண்ணன் கொடுத்த உறைக்குள் ஒன்பது மார்க் சீட்டு. ஆசையோடு போட்டேன். படமா அது? முகமெல்லாம் கரித்துணி போட்டுத் துடைத்த மாதிரி இருந்தது. மாடிப்படிக்குக் கீழே கறுப்புச் சதுரங்கள் நெளிந்தன, அவ்வளவுதான். அவள் இல்லை. நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். இல்லவே இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ விலை போய்விட்டாய் என்று நினைத்தேன். கடைக்காரன் புது டிஸ்க்கைத் தள்ளிவிட உன்னிடம் சீட்டு கேட்டிருப்பான், நீ படத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்திருப்பாய். எழுத்து வேறு கோணல் மாணலாக இருந்தது, அவசரத்தில் கிறுக்கியது என்று முடிவு கட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து உன் ஒன்பதை அடித்துவிட்டு இரண்டு போட்டேன். அதற்குக் கீழே எழுதினேன்: "இந்த மார்க்குக்குக் கடைக்காரன் எத்தனை டிஸ்க் சும்மா கொடுத்தான்?" உறைக்குள் வைத்து உன் அண்ணன் கையிலேயே கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ரயில் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து டிஸ்க் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று நான் திமிரோடு இருந்தேன். நாலு மாதம். ஒரு போன் போடவில்லை. கடைசியில் போன் என் அலுவலகத்துக்கு வந்தது, உன் அண்ணனிடமிருந்து.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் அவர் என் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. பையிலிருந்து அந்த விசிடி உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே உன் சீட்டு, என் சிவப்பு எழுத்தோடு.

"இனிப்பு நீர்மா, சக்கர வியாதி. கண்ணத்தான் மொதல்ல புடிச்சுச்சு, அப்புறம் கிட்னி. கடைசி ரெண்டு வருஷம் வெளிச்சம் எந்தப் பக்கம்னு மட்டும் தெரியும். டிவிக்கு முன்னால உக்காந்து சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு இருப்பா."

"அப்ப சீட்டு?"

"அவதான் எழுதினா. நான் கையப் புடிச்சுக் காகிதத்துல வெச்சு விடுவேன். பழைய ஞாபகத்துல மார்க் போடுவா."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல? மாசா மாசம் மேடையில பாத்தீங்களே."

"சொல்லக்கூடாதுன்னு தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா நீ பாவம் பாத்து எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லுவியாம். மார்க்குக்கு சண்டை போட மாட்டியாம்."

நான் சீட்டைக் காட்டினேன். "இத அவளுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"படிக்கச் சொல்லி நச்சரிச்சா. படிச்சேன்."

"என்ன சொன்னா?"

அவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அப்ப மூலையில அவ இல்லையான்னு கேட்டா. வேற ஒண்ணும் சொல்லல."

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உனக்கு என்ன திமிர் இருக்க வேண்டும்? நடுவில் ஒரு நிமிடம் வெட்டினாலே டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவள், என்னிடம் இரண்டு வருடத்தை வெட்டிவிட்டாய். நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்க மாட்டேனா? பாவம் பார்ப்பேனாம். அலுவலகத்தில் உன் எழுத்துப் பிழைக்கெல்லாம் நீ என்னிடம் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பாய். கண் போனதற்காக உனக்கு அரை மார்க் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? என் மேலும் கோபம்தான். நாலு மாதம் போன் எட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்காதவள் நான். ஆனால் உண்மை தெரிந்திருந்தால் அந்தச் சிவப்பு வரியை நான் எழுதியிருக்க மாட்டேன். கண் தெரியாத சிநேகிதியிடம் லஞ்சக் கணக்குக் கேட்டவளாக என்னை ஆக்கிவிட்டுப் போனாய். திருத்திக்கொள்ள ஒரு சனிக்கிழமைகூட எனக்கு விடவில்லை.

நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று டிவியில் ஒரே ஆரவாரம். அதை அணைத்துவிட்டு ஜன்னலில் போர்வையை மாட்டி அந்த டிவிடியைப் போட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் போட்டேன். காப்பிகளை எல்லாம் கிழித்துப் போடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சமையலறைக் கடிகாரம் மடியில் இருந்தது. விடுதிக்காரி கதவுகளைத் திறந்துகொண்டே வந்தாள். மாடிப்படி வந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். லேசர் டிஸ்க்கில் பார்த்ததைவிடத் தெளிவாக. கழுத்தில் ஒரு மணிமாலை போட்டிருக்கிறாள், அது நமக்கு இத்தனை நாள் தெரியாது. இருட்டும் கெடவில்லை. நிறுத்திவிட்டு உன்னைப் போலவே எழுந்து போய்க் கண்ணாடியில் விரலை வைத்தேன். சொல்ல ஆள் இல்லை. வாய்விட்டு அழுதேன், பிறகு அழுததற்காக உன்னை ஏசினேன்.

கடைக்காரனிடம் போய்க் காப்பிகளைப் பிடுங்கப் போவதில்லை. இந்த டிஸ்க்குக்கு நீ எழுதியது சரி. வெட்டு இல்லை, கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். சத்தம் பரவாயில்லை. சுங்கை பூலோக்காரர் நம்பி எடுக்கலாம்.

அந்தச் சிவப்புப் பேனா இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. இன்று உன் சீட்டின் நகலில் உன் ஒன்பதுக்குப் பக்கத்தில் என் மார்க்கைப் போட்டேன். டிஸ்க்குக்கு ஒன்பது. உனக்கு இரண்டு. சண்டை போட வேண்டும் என்றால் வந்து போடு.